கண் மங்கினால் காத்திருக்க வேண்டாம்



கண் மங்கினால் "வெள்ளெழுத்துதானே" என்று இருந்துவிடுகிறோம். ஆனால் சில நாளுக்குள் பார்வை மங்கி, கண்ணை அசைக்கும்போது வலித்து, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தால், கண் நரம்பு வீங்கியிருக்கலாம். நியூரோமைலைட்டிஸ் ஒப்டிகா என்ற நோய் கண் நரம்பையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்கும். கால் மரத்துப்போகலாம், சிறுநீர் அடைக்கலாம். பெண்களுக்கே கூடுதலாக வருகிறது.

ஆஸ்பத்திரியில் எழுத்து அட்டையும் நிறப் புத்தகமும் காட்டுவார்கள். பிறகு தலையில் சிறு வயர்களை ஒட்டி, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாறி மாறி வரும் திரையைப் பார்க்கச் சொல்வார்கள். கண் கண்டதற்கு மூளையின் பின்பகுதி பதில் காட்ட சுமார் 100 மில்லிசெக்கன் ஆகும். நரம்பு பழுதென்றால் அது தாமதிக்கும், இல்லாவிட்டால் குறையும். "கரண்ட் வைக்கிறாங்க" என்று பயப்படாதீங்க. மூளையின் சைகையைத்தான் பதிகிறார்கள். வலிக்காது. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் செய்யலாம். தலைக்கு எண்ணெய் வைக்காமல், குளித்துவிட்டு, கண்ணாடி இருந்தால் அதையும் கொண்டு போங்க. இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் 2004இல் கண்டறியப்பட்டது. அதை இரத்தத்தில் பார்க்கலாம்.

ஒரு நாள் பேர் போகுமே என்று இருந்துவிடாதீங்க. பேர் நாளைக்கும் போடலாம். போன பார்வை திரும்பாமலே போகலாம். அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு வாங்க. ஆஸ்பத்திரிக்கு நாங்களும் கூட வருகிறோம்.