பட்டறையில் குழந்தைகள்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



இன்று எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று தலைவர் எனக்கு உத்தரவு கொடுத்துவிட்டார். ஆதலால் நான் வழக்கமாகப் பேசுகிற சாமி, ஜோசியம், சாதி முதலிய சங்கதிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, என்னுடைய பட்டறையைப் பற்றியும், அங்கே வந்து நிற்கிற சின்னக் குழந்தைகளைப் பற்றியும் பேசலாமென்று இருக்கிறேன். இதென்ன பிரமாத விஷயம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இருபது வருஷமாய் மேடை மேடையாக ஏறி, "ஏன், எதற்கு என்று கேளுங்கள்" என்று கத்தி வருகிற என்னுடைய யோக்கியதை என்ன என்பதை ஒரு ஏழு வயதுப் பெண் குழந்தைதான் எனக்குக் காட்டிற்று. ஆகவே எனக்கு இது பெரிய விஷயந்தான்.

நான் எட்டாவது வகுப்போடு நின்றவன். என் தொழில் கொல்லுப்பட்டறை. அரிவாள், மண்வெட்டி, உளி அடிப்பதுதான் பிழைப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வாசலில் வந்து நின்றுகொண்டு உலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பொறி தெறிக்கும், போங்கள்" என்று விரட்டிவிடுவேன். சிறு வயதில் என்னையும் இப்படித்தான் நடத்தினார்கள். உளியைப் பதம் பார்க்கும்போது, அதில் வைக்கோல் நிறம் வந்ததும் ஏன் தண்ணீரில் விடுகிறாய் என்று என் தகப்பனாரைக் கேட்டேன். கன்னத்தில் ஒரு அறைதான் பதிலாகக் கிடைத்தது. சூட்டினால் இரும்பின்மேல் மெல்லிய ஆடை போல ஒன்று படிகிறது, அதன் கனத்துக்குத் தக்கபடி நிறம் மாறுகிறது, வைக்கோல் நிறம் என்றால் சுமார் 230 டிகிரி சூடு என்று நான் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு முப்பது வயது. அறை வாங்கியது பத்து வயதில். இடையிலே இருபது வருஷம் வீண்!

ஒருநாள் ஒரு அம்மாள் தன் வீட்டு உலக்கையில் பூண் கழன்றுவிட்டதென்று கொண்டுவந்தார். இப்போது உலக்கை பிடிக்கிறவர்கள் குறைவு என்றாலும், மாவிடிக்க அது வேண்டுமென்றார். புதுப் பூண் அடித்து வைத்துப் பார்த்தேன்; நுழையவில்லை. அப்படித்தான் சற்றே இறுக்கமாகச் செய்வது வழக்கம். பிறகு அதை உலையிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, குறட்டால் எடுத்து உலக்கையில் போட்டு இரண்டு தட்டுத் தட்டித் தண்ணீர் ஊற்றினேன். "சுர்" என்று புகை கிளம்பியது, பூண் கவ்விக்கொண்டது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக் குழந்தை, "மாமா, முன்னே போகாத பூண் இப்போ எப்படிப் போச்சு?" என்று கேட்டது.

நான் சொன்ன பதில் என்ன தெரியுமா தோழர்களே? "அது அப்படித்தான் பாப்பா, போய் விளையாடு" என்றேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "அது அப்படித்தான், கேட்கக்கூடாது" என்கிற புரோகிதனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவன் கையில் பஞ்சாங்கம், என் கையில் சம்மட்டி; அவ்வளவுதானே!

மறுநாள் நானே அந்தக் குழந்தையைக் கூப்பிட்டு, "சூடேறினால் இரும்பு விரியும், அதனால்தான் பூண் நுழைந்தது" என்று சொன்னேன். பெரிய ஞானம் போதித்துவிட்டதாக எண்ணம்! குழந்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இரும்பு விரிந்தால் உள்பக்கமும்தானே வீங்கும்? அப்போ ஓட்டை சின்னதாய்ப் போகணுமே, மாமா?" என்றது.

நான் திகைத்துப்போனேன். எத்தனையோ பூண் போட்ட எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. "எனக்குத் தெரியாது பாப்பா. இரண்டு பேரும் பார்த்துவிடுவோம்" என்றேன். பெரியவன் ஒருவன் "தெரியாது" என்று சொன்னதும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்லுவேன்!

அரை மீட்டர் நீளமுள்ள ஒரு இரும்புப் பட்டையைத் தரையில் வைத்து இரண்டு முனையிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டோம். காய்ச்சிக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தபோது கோட்டைத் தாண்டி மூன்று நான்கு மில்லிமீட்டர் நீண்டிருந்தது. ஆறிய பிறகு பழையபடி கோட்டுக்குள் வந்துவிட்டது. பிறகு, நீளமாக ஒன்றும் குட்டையாக ஒன்றும் இரண்டு காகிதப் பட்டைகளைக் கொடுத்து வளையமாகச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்துப் பார்த்துவிட்டு, "பட்டை நீண்டால் வளையம் பெருசு, வளையம் பெருசானால் ஓட்டையும் பெருசு!" என்று குழந்தை குதித்தது. ஓட்டை அடைபடவில்லை, அகலுகிறது. உலக்கைப் பூணில் அந்த அகலம் அரை மில்லிமீட்டர்கூட இராது. அந்த மயிரிழைதான் பூணை இத்தனை வருஷம் உலக்கையில் நிறுத்தி வைக்கிறது.

மறுவாரம் ஒரு பையன் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைக் கொண்டுவந்தான். சாதாரணமாய் இரும்பைக் கவ்வுகிற காந்தம், நன்றாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரும்பு ஆற ஆற மறுபடி இழுத்தது. சுமார் 770 டிகிரிக்கு மேல் இரும்பு காந்தத்துக்குக் கட்டுப்படாது. இதைப் பார்த்து அவர்கள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. இதில் மந்திரமில்லை, மாயமில்லை; யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

அபாயமில்லையா என்று தாய்மார்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆதலால்தான் தரையில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். உலை எரியும்போது குழந்தைகள் அதைத் தாண்டக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் செருப்பு இல்லாமல் அனுமதி இல்லை. அவர்கள் இருக்கும்போது சாணைச் சக்கரம் ஓடாது. முதல் பாடம் என்னவென்றால், சிவப்புப் போய்விட்டதாலேயே சூடு போய்விட்டதென்று நினைக்காதே என்பது. கறுத்த இரும்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினால் போதும். அது சீறுவதைப் பார்த்த குழந்தை பிறகு எந்த இரும்பையும் கேட்காமல் தொடாது. "பெண் குழந்தைக்குப் பட்டறையில் என்ன வேலை?" என்று கேட்கிறவர்களும் உண்டு. எங்கள் பட்டறையில் சரியான கேள்வியைக் கேட்டது அந்தப் பெண் குழந்தைதான் என்பதே அவர்களுக்கு என் பதில்.

தோழர்களே! ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "1953-ல் ராஜகோபாலாச்சாரியார், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது, குலக்கல்வி என்று எதிர்த்தீர்களே! இப்போது நீரே பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூப்பிடுகிறீரே?" என்று. நியாயமான கேள்விதான். அந்தத் திட்டம் 1954-ல், காமராசர் முதல் மந்திரியான பின் கைவிடப்பட்டது; கைவிடப்பட வேண்டியதுதான். அது கொல்லன் மகனைக் கொல்லுப்பட்டறைக்கும் குயவன் மகனைச் சக்கரத்துக்கும் அனுப்பி, பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்தது. என் பட்டறைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூடக் கொல்லன் பிள்ளையல்ல. பள்ளிக்கூடம் முழுதும் போய்விட்டுத்தான் வருகிறார்கள். வேலை செய்ய வரவில்லை, கேள்வி கேட்க வருகிறார்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டறையில் கூலிக்கு வைப்பது சட்டப்படியும் குற்றம், மனிதத்தன்மைப்படியும் குற்றம். தொழிலைக் குழந்தையின் தலையில் கட்டுவது வேறு. தொழிலின் கதவைத் திறந்து காட்டுவது வேறு.

அந்தக் கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறேன். மைக்கேல் பாரடே என்பவர் 1791-ல் இங்கிலாந்தில் ஒரு ஏழைக் கொல்லனுக்குப் பிறந்தவர். தகப்பன் தொழிலுக்குப் போகாமல், 1805-ல் புத்தகம் கட்டுகிற கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களையெல்லாம் படித்தார், முதலாளி தடுக்கவில்லை. அந்தப் பையன்தான் பின்னாளில், 1831-ல், காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கலாம் என்று கண்டுபிடித்தார். இந்தக் கூட்டத்தில் எரிகிற விளக்குக்கும் அது காரணம். அவ்வளவு பெரியவரான பிறகு அவர் என்ன செய்தார்? லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற கழகத்தில் 1827 முதல் 1860 வரை 19 தடவை கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியரைக் கூட்டிவைத்துப் பரிசோதனை செய்து காட்டிப் பேசினார். ஒரு மெழுகுவத்தியை மட்டும் வைத்துக்கொண்டே ஆறு பிரசங்கம் செய்தார்!

இங்கே தச்சர், தையற்காரர், சைக்கிள் கடைக்காரர், மோட்டார் ரிப்பேர்க்காரர் பலர் இருக்கிறீர்கள். உங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வாரத்தில் ஒரு மணி நேரம் கடை வாசலில் ஒரு கோடு போட்டு, தெருக் குழந்தைகளை அதன் ஓரத்தில் நிற்கவிடுங்கள். கேட்டால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, சேர்ந்து பாருங்கள். அதில் வருகிற சந்தோஷத்தை நான் அனுபவித்திருக்கிறேன். என் பேச்சை நம்ப வேண்டாம். ஒருநாள் செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நேற்று அந்தக் குழந்தை புதிதாக ஒன்று கேட்டிருக்கிறது: "நெருப்பு ஏன் மேலேயே போகிறது, மாமா?" நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆதலால் நான் சீக்கிரம் வீடு போய்ப் படிக்க வேண்டியிருப்பதால், இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறேன்.