லொறிக்குப் போகும் பிள்ளைகள் வெறுங்கையோடு போகக் கூடாது

(வட்டார இளைஞர் கூட்டத்தில் எமது ஆசிரியத் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களாகிய நாங்கள், படிக்காத பிள்ளைக்குக் கொடுக்கிற ஏச்சு ஒன்று இருக்கிறது. "படிக்காட்டி லொறியில கிளீனராத்தான் போவாய்!" நாங்கள் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் எங்களுக்குச் சொன்னது. நாங்களும் யோசிக்காமல் உங்களுக்குச் சொன்னோம்.

அப்படி ஏச்சு வாங்கிய ஒருவன், பாடசாலை மதில் வேலைக்கு ஒருநாள் சீமெந்து ஏற்றி வந்தான். நம்முடைய தோட்டப் பாதை உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் கான். மேலே லொறியைத் திருப்ப இடம் கிடையாது. கடைசி வளைவிலிருந்து பின்பக்கமாகவே ஏற்றி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்கி வந்து "வணக்கம் சேர்" என்றான். அந்த வளைவில் எங்களால் ஒரு சைக்கிளைக்கூட ஒழுங்காகத் திருப்ப முடியாது. அன்றோடு அந்த ஏச்சை விட்டுவிட்டோம். லொறி ஓட்டுவது ஒரு தொழில். கையும் கண்ணும் புத்தியும் சேர்ந்து செய்ய வேண்டிய தொழில்.

இன்று இந்த மண்டபத்தில் இருக்கிற இளைஞர்களில் பலர் கவ்வாத்துக் கத்தியை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க நினைக்கிறீர்கள். ஏற்கெனவே போனவர்களும் இருக்கிறீர்கள். நுவரெலியாவில் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் ஓடுகிறீர்கள். ஸ்டோரிலிருந்து தேயிலைத்தூள் மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்குகிறீர்கள்.

ஏன் போகிறீர்கள் என்று நாம் கேட்கப் போவதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். நாளுக்கு 1000 ரூபா என்பதை வர்த்தமானியில் பார்க்க 2021 வரை போராடினோம். அது 1350 ஆக 2024 வரை காத்திருந்தோம். சம்பளம் கூடினாலும், மாதத்தில் எத்தனை பேர் விழும் என்பது துரையின் கையில் இருக்கிறது. பால் மாவும் அரிசியும் நமக்காகக் காத்திருப்பதில்லை. அதனால் ஒரு பிள்ளை வேறு தொழில் தேடினால், அவன் தோட்டத்துக்குத் துரோகம் செய்தான் என்று யாரும் சொல்லக் கூடாது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பெரியவர்களை நாடற்றவர்களாக்கியது. பிரஜாவுரிமை இல்லை, அதனால் அடையாள அட்டை இல்லை, அதனால் வெளியே ஒரு தொழிலுக்குப் போகக் கையில் ஒரு கடதாசி இல்லை. எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டுதான் சட்டம் வந்தது. உங்கள் தாத்தாவுக்கு லொறி ஓட்ட ஆசை இருந்திருந்தாலும் அவரால் அனுமதிப்பத்திரம் கேட்டுப் போயிருக்க முடியாது. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கிற அட்டைக்குப் பின்னால் இத்தனை வருடப் போராட்டம் இருக்கிறது.

ஆகவே போங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலாவது, தோட்டத்தை விட்டுப் போகிற விதம். நம்முடைய பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள்? ஒருநாள் பிரட்டுக்களத்துக்கு வருவதில்லை. மறுநாளும் வருவதில்லை. மூன்று மாதம் கழித்து செக்ரோலில் பேர் வெட்டப்படுகிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கதை முடியவில்லை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் இருக்கிறது. நாம் சேவைக்காலப் பணம் என்று சொல்கிறோமே, அதுதான். ஐந்து வருடம் பூர்த்தியாக வேலை செய்தவர் தானாக விலகினாலும் அது அவருக்குச் சேர வேண்டிய பணம். நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. ஒன்பது வருடம் வேலை செய்த ஒருவருக்கு, 1350 ரூபாப்படி கணக்குப் பார்த்தால் 1,70,100 ரூபா வருகிறது. அனுமதிப்பத்திரம் எடுக்க அம்மாவின் தோட்டை அடகு வைக்கிறோம். நம்முடைய சொந்தப் பணத்தைக் கந்தோரிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்.

இன்னொரு விஷயம். அந்தச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். இரண்டு லொறி வைத்திருக்கிற முதலாளியிடம் இருபது வருடம் ஓடினாலும் இந்தப் பணத்தைச் சட்டப்படி கேட்க முடியாமல் போகலாம். அதனால் தோட்டத்தில் உழைத்ததை விட்டுவிடாதீர்கள். விலகல் கடிதம் எழுதுங்கள். திகதி போட்டு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் கந்தோர் முத்திரை வாங்கி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். எழுதிக் கொடுப்பதற்குத்தான் ஆசிரியர்கள் இருக்கிறோம்.

சேமலாப நிதி உறுப்பினர் இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை வேலை மாறியவுடன் எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் முழுதாகக் கைக்கு வரும். ஆனால் கணக்கு அழிந்து போகாது. நம்பிக்கை நிதியப் பணத்தை வேலையை விட்டதும் கேட்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை.

இரண்டாவது, அனுமதிப்பத்திரம். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். மருத்துவச் சான்றிதழை தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில் எடுக்க வேண்டும். கார், வேன் ஓட்டுகிற அட்டையை வைத்துக்கொண்டு பத்துச் சில்லு லொறியில் ஏறக் கூடாது. அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சி1 என்றால் இலகு லொறி. சி என்றால் கனரக லொறி. சிஈ என்றால் இழுவைப் பெட்டி பூட்டியது. "பரவாயில்லை, நீ ஓட்டு, பொலிசை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலாளி சொல்வார். விபத்து நடந்த அன்று அவர் தொலைபேசி வேலை செய்யாது. தகுதி இல்லாத அட்டை என்றால் காப்புறுதிக் கம்பனியும் கையை விரித்துவிடும். நீதிமன்றத்தில் நிற்பது நீங்கள் ஒருவர்தான்.

மூன்றாவது, ஆசனத்தில் ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி. இதைச் சொல்ல ஒரு தம்பியின் கதையைச் சொல்ல வேண்டும். பெயரும் தோட்டமும் வேண்டாம். அவன் எங்கள் வகுப்பில் இருந்தவன், பிறகு எங்கள் சங்கத்தில் இருந்தவன்.

அவன் மரக்கறி லொறி ஓட்டினான். சம்பளம் ட்ரிப் கணக்கு. பொழுது சாயும்போது ஏற்றி, நடுச்சாமத்துக்கு முன் சந்தையில் நிற்க வேண்டும். பிந்தினால் விலை விழுந்துவிடும், அதற்கும் அவனுக்குத்தான் ஏச்சு. ஒரு ட்ரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று முதலாளி அளந்து கொடுப்பார். மிச்சம் பிடித்தால் அவனுக்கு, கூடினால் சம்பளத்தில் வெட்டு. டீசல் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது என்று பழைய சாரதி ஒருவர் சொல்லிக் கொடுத்தார். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது.

இங்கே இருக்கிற சாரதிகளுக்குத் தெரியும், அது என்ன வேலை என்று. கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனை பாரமும் பிரேக்கில் விழும். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து பிரேக் சூடேறும். ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. றம்பொடைப் பக்கத்து இறக்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அவனுக்குப் புத்தி இருந்தது. பள்ளத்துப் பக்கம் விடாமல் மண்மேட்டில் மோதினான். உயிர் தப்பியது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. முதலாளி ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தார். இருபதாயிரம் ரூபாவைத் தலையணைக்குக் கீழே வைத்தார். பிறகு வரவில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது "அவர் என்னிடம் வேலை செய்யவில்லை, அவசரத்துக்கு ஒருநாள் ஓட்டிக் கொடுத்தார்" என்றார். மூன்று வருடம் ஓடியவன்!

தொழில் திணைக்களத்துக்குப் போனோம். வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. சேமலாப நிதி இல்லை. வீட்டுக்குத் திரும்பி, அவன் மனைவி பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். அதிலிருந்து என்ன வந்தது தெரியுமா? பொலிசார் கொடுத்த தண்டப் பத்திரங்கள். அவன் பெயர், லொறி இலக்கம், திகதி, இடம் எல்லாம் எழுதியிருந்தது. கட்டியது அவன்தான், ரசீதையும் வைத்திருந்தான். அந்த மூன்று வருடத்தில் அவன் அந்த லொறியின் சாரதி என்று சொன்ன ஒரே கடதாசி, அவன் குற்றம் செய்தான் என்று எழுதிய கடதாசிதான். அதை வைத்துத்தான் முறைப்பாட்டைப் பதிந்தோம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அவன் இன்னும் ஊன்றுகோலோடு நடக்கிறான்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? ஒரேயொரு சாரதியை வைத்திருந்தாலும் அந்த முதலாளி சேமலாப நிதி கட்ட வேண்டும். ட்ரிப் கணக்கு, கொந்தரப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம். மாதம் 40,000 ரூபா சம்பளம் என்றால் முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது 6,000 ரூபா. "கையில் முழுக் காசு தருகிறேன், அதெல்லாம் எதற்கு?" என்று அவர் சொல்வது இந்த 6,000 ரூபாவை மிச்சம் பிடிக்கத்தான். வேலை நேரத்தில் விபத்து என்றால் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் வேலையாள் என்று நிரூபித்தால்தான் எந்தச் சட்டமும் உதவிக்கு வரும்.

ஆகவே நியமனக் கடிதம் கேளுங்கள். தர மறுத்தால், ட்ரிப் சீட்டு, சந்தை வாசல் துண்டு, முதலாளி தொலைபேசியில் அனுப்பும் செய்தி, வங்கியில் போட்ட சம்பளம், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். அனுமதிப்பத்திரத்தை ஈடாகக் கேட்கும் முதலாளியிடம் வேலைக்குச் சேராதீர்கள். அது உங்கள் கழுத்துக் கயிறு. பிரேக் சரியில்லை என்றால் "எடுக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். டீசல் காசுக்காக நியூட்ரலில் விடாதீர்கள். அதே பாதையில் நம் பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகிறார்கள்.

நான்காவது, வீடு. தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குடும்பம் நடுத்தெருவுக்கு வராமல் காப்பாற்றியது யார்? கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போன அவன் மனைவி. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போடாவிட்டால் காம்பராவைக் கேட்டுக் கடிதம் வருகிறது. ஆண்பிள்ளை வெளியே நல்ல காசு உழைக்கிறான் என்று நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் அந்தக் கூரை நிற்பது பெண்பிள்ளையின் முதுகில். அவளால் ஓய்வெடுக்க முடியாது, நோய் வந்தாலும் நிற்க முடியாது. நாம் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடம் ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தோம். இன்னமும் வீடு வேலையோடு கட்டப்பட்டுக் கிடக்கிறது. காணி உறுதி கேட்கிற போராட்டம் லொறிக்குப் போகிற பிள்ளைக்கும் சொந்தமான போராட்டம்தான். வெளியே போனவர்கள் அந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. வர வேண்டும்.

கடைசியாக, சங்கத்தைப் பற்றி. இதில் எங்கள் பக்கத்துத் தவறும் உண்டு. செக்ரோலில் பேர் வெட்டிய அன்றே சந்தாவும் நின்றுவிடுகிறது. நாமும் அந்தப் பிள்ளையை மறந்துவிடுகிறோம். கால் முறிந்த பிறகுதான் அவன் வீட்டு வாசலுக்குப் போகிறோம். அவன் லொறியில் ஏறிய அன்றே போயிருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு வேலை செய்ய வேண்டும். வெளியே வாகனம் ஓட்டுகிற நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஒரு கொப்பியில் எழுதுங்கள். யாருக்குக் கடிதம் இருக்கிறது, யாருக்குச் சேமலாப நிதி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். சந்தாவை நேரில் வாங்கி ரசீது கொடுங்கள். சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தையே பதியலாம். நம்மிடம் ஒரு தோட்டத்திலேயே ஏழு சாரதிகளுக்கு மேல் இருக்கிறார்கள்.

தம்பிமார்களே, பிரட்டுக்களத்தில் நீங்கள் ஐம்பது பேரோடு நின்றீர்கள். லொறிக்குள் தனியாக இருப்பீர்கள். தனியாக இருக்கிறவனிடம்தான் முதலாளி கணக்கை மாற்றிச் சொல்வார். அந்த நேரத்தில் கூப்பிட ஓர் இலக்கம் உங்கள் தொலைபேசியில் இருக்க வேண்டும். இன்று போகும்போது உங்கள் தோட்டத் தலைவரின் இலக்கத்தை வாங்கிக்கொண்டு போங்கள். விலகல் கடிதம் எழுத வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள். கடதாசியும் பேனையும் கொண்டு வந்திருக்கிறோம்.