கதிராமங்கலம் காட்டிய வழி

பருவநிலை மாற்றம் அரசுகளின் கவலை, நம்மால் என்ன ஆகும் என்கிறோம். ஆனால் திருப்பனந்தாளை அடுத்த கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டது. கைதுகளுக்குப் பிறகும் கலையவில்லை. அதே ஆண்டு ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கிராமமும் எழுந்தது. அதற்கும் முன்பே மீத்தேன் திட்டத்தை எதிர்த்து இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் காவிரி டெல்டா ஊர்களில் பேசியிருந்தார். கிராம சபைத் தீர்மானங்கள் சேர்ந்தன. 2020 பிப்ரவரியில், புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வடசேரி, மைக்கேல்பட்டி உள்ளிட்ட நிலக்கரிப் பகுதிகளை ஏலப் பட்டியலில் சேர்த்த ஒன்றிய அரசு, எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே, 2023 ஏப்ரலில் அவற்றை நீக்கியது. மக்கள் விட்டுத்தராத ஒன்றை விட்டுத்தரும் துணிவு எந்தக் கட்சிக்கும் இல்லை.

அவர்கள் போராடியது நிலத்துக்கும் நீருக்கும்தானே, பருவநிலைக்கு அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தோண்டாத நிலக்கரி எரியாது. யாருக்காக அதை விட்டுவைத்தோம் என்று காற்று கேட்பதில்லை. ஏற்கெனவே இயங்கும் எண்ணெய்க் கிணறுகளை வேளாண் மண்டலச் சட்டம் தொடவில்லை என்பதும் நியாயமான குறை. அதனால்தான் குரல் ஓயக் கூடாது. இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் பொறுப்பில் பருவநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. அது நம் வாய்க்காலுக்கும் வயலுக்கும் என்ன செய்தது என்று மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.