ஓசை அடங்கினும் விரல் அறியும்

பியானோ பயிலும் பிள்ளை ஒரே பாடத்தைப் பன்முறை திருப்பித் திருப்பி வாசித்தாக வேண்டும். கொழும்பின் மாடிக் குடியிருப்புகளிலோ ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவராகும். பயிற்சியும் தடைப்படலாகாது, அயலாரின் உறக்கமும் கெடலாகாது. இதற்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இத்தாலியரான பார்த்தலோமேயோ கிறிஸ்தோபோரி 1700ஆம் ஆண்டளவில் பியானோவைப் படைத்தார். அதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகோட் என்னும் கருவி தந்தியைச் சுண்டி ஒலித்தது. விரலை மெல்ல வைப்பினும் ஓங்கி வைப்பினும் அதன் ஓசையில் பெரிதும் வேறுபாடில்லை. கிறிஸ்தோபோரி சிறு சுத்தியலால் தந்தியை அடிக்கச் செய்தார். விரலின் விசைக்கேற்ப ஓசை மென்மையும் வன்மையும் பெற்றது. அவ்விரு பண்புகளையும் குறிக்கும் இத்தாலியச் சொற்களே கருவியின் பெயருமாயின. ஆதலின், சுத்தியலின் பாரத்தை உணராத விரல் பியானோவைக் கற்றதாகாது.

ஓசையை அடக்கும் வழிகள் மூன்று. நிமிர்ந்த பியானோக்கள் பலவற்றில் நடுப் பெடலை அழுத்தினால், சுத்தியலுக்கும் தந்திக்கும் இடையே கம்பளித் துணி இறங்கும். ஓசை குறையும், ஆயின் அற்றுப்போகாது. வேறு சிலவற்றில் சுத்தியல் தந்தியைத் தொடுமுன் தடுக்கப்பட, இசை ஹெட்போனில் மட்டும் கேட்கும். இவை விலை மிக்கவை. காலந்தோறும் சுருதி சேர்க்கவும் வேண்டும். மூன்றாவது, தந்தியே இல்லாத மின்னியல் பியானோ. பெரும்பாலோர் நாடுவது இதனையே.

இதனை வாங்கச் செல்வோர் முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கட்டைகளை அழுத்திப் பார்த்தல் நன்று. 88 கட்டைகளும் உளவா? இடக்கோடியிலுள்ள கட்டைகள் வலக்கோடியினவற்றிலும் சற்றுப் பாரமாயிருக்கின்றனவா? மெய்யான பியானோவில் அவ்வாறே இருக்கும். அடுத்து, கறுப்புக் கட்டைகளின் இடையே, உட்புறத்தில் அழுத்துக. கட்டையின் நீளம் போதாதாயின் அங்கே விரலுக்கு இறுக்கமாயிருக்கும். பின்னர் ஒரே கட்டையை விரைந்து பலமுறை தட்டுக. தயங்காது மீள வேண்டும்.

விற்பனையாளர் இனிய ஒலிகள் பலவற்றை இசைத்துக் காட்டுவர். மயங்கற்க. ஒலியைப் பின்னர் வேறு ஒலிபெருக்கியால் திருத்தலாம். கட்டையின் பாரத்தைத் திருத்த இயலாது. பாரமற்ற கட்டைகளில் ஆண்டுக்கணக்காய்ப் பழகிய பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் மெய்யான பியானோவின்முன் அமரும்போது, கற்ற பாடமே கைக்கு அந்நியமாகிவிடும்.

இன்னுமொன்று. ஹெட்போன் இசையை மறைக்கும். கட்டைகள் அடிபடும் அதிர்வை மறைக்காது. அது நிலத்தின் வழியே கீழ்வீட்டை எட்டும். ஆகவே கருவியின் தாங்கி உறுதியாய் இருத்தல் வேண்டும். அதன் கீழ்த் தடித்த இறப்பர் விரிப்பு இடுதல் வேண்டும். பொதுச் சுவரோடு சேர்த்து வைத்தலாகாது.

பெற்றோர்களே, கடைக்குச் செல்கையில் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே தீர்ப்புக் கூற வேண்டியது உங்கள் செவியன்று; அப்பிள்ளையின் விரலே.