பனிக்காலத்து அஞ்சறைப்பெட்டி



கார்த்திகை தீபம் முடிந்தால் நம் ஊர்களில் பனி இறங்கத் தொடங்கிவிடும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி புல்லில் உறைபனி படியாவிட்டாலும் விடியற்காலையில் மூக்கு அடைக்கும், தொண்டை கரகரக்கும், சாப்பிட்டது செரிக்க நேரமாகும். தை பிறந்து வெயில் ஏறும்வரை அஞ்சறைப்பெட்டிக்கு ஓய்வே இராது.

அந்தப் பெட்டியில் இருக்கும் சரக்குகளைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. இவற்றைப் பொடியாக வாங்கக் கூடாது. மிளகு, சீரகம், மல்லி, ஏலம் எல்லாவற்றின் மணமும் காற்றில் பறந்துவிடக்கூடிய எண்ணெயில்தான் இருக்கிறது. பொடித்த கணத்திலிருந்து அது போய்க்கொண்டே இருக்கும். முழுதாக வாங்கி, அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே இடித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன உரல் போதும்.

சுக்கு மல்லிக் காப்பியிலிருந்து தொடங்குவோம். பெயரில்தான் காப்பி, காப்பித்தூள் அதில் கிடையாது. மல்லி இரண்டு பங்கு, சுக்கு ஒரு பங்கு, கொஞ்சம் மிளகு, இரண்டு ஏலக்காய். மல்லியை வாசம் வரும்வரை வறுத்தால் போதும், கருக விடாதீர்கள். சுக்கின் மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டுத் தட்டிப் போட வேண்டும் என்பது சித்த மருத்துவத்தில் வழிவழியாக வரும் முறை. சுக்கு இல்லை என்று இஞ்சியைத் தட்டிப் போடுகிறார்கள். அதன் ருசி வேறு. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால், இஞ்சி காயும்போது ஓரளவு ஷோகாலாக மாறுகிறது. அதன் காரம் இன்னும் கூடுதல். தொண்டையில் நின்று எரியும் அந்தச் சூடு சுக்குக்கே உரியது. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அடியில் மண் தங்கும். துளசி போடுவதாக இருந்தால் அடுப்பை அணைத்தபின் கசக்கிப் போட்டு மூடிவையுங்கள். கொதிக்கவிட்டால் வாசம் சமையலறைக்குப் போய்விடும், குவளைக்கு வராது.

மார்கழியின் வெண்பொங்கலுக்கு வருவோம். மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளிலிருந்து வருகிறது. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் மிளகு நெய்யில் பொரிய வேண்டும். முழு மிளகாகப் போட்டால் பாதிப் பேர் இலையோரம் ஒதுக்கிவைத்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டாக உடைத்து, நெய் காய்ந்ததும் போட்டு, பிறகு சீரகம் சேர்த்தால் அந்த நெய்யே காரத்தைப் பருக்கை பருக்கையாகக் கொண்டுசேர்க்கும். ரசத்துக்கு இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்ய வேண்டும். மிளகும் சீரகமும் இடித்துப் போட்ட ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. உடம்பு வலிக்கு வைக்கும் கண்டந்திப்பிலி ரசத்துக்கும் அப்படித்தான்.

மஞ்சள் பாலில் ஏன் மிளகு சேர்க்கிறோம் என்று பலர் கேட்கிறார்கள். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்க்குமின் 2 கிராமுடன் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, உடல் ஏற்றுக்கொண்ட குர்க்குமின் ஏறக்குறைய 20 மடங்கானது. நாம் பாலில் போடும் ஒரு சிட்டிகையில் குர்க்குமின் மிக மிகக் குறைவு. எனவே அதை மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். தொண்டைக்கு இதம், தூக்கத்துக்கு இதம். காய்ச்சல் நீடித்தால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பனிக்காலப் பலகாரம் குமரி மாவட்டத்துக் கார்த்திகைக் கொழுக்கட்டை. அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சுக்கு, ஏலம் சேர்த்துப் பிசைந்து தெரளி இலையில் பொதிந்து அவிப்பார்கள். தெரளி, இலவங்கப்பட்டையின் இனத்தைச் சேர்ந்த மரம். ஆவி ஏற ஏற இலையின் மணம் மாவுக்குள் இறங்கும். இலையைக் கூம்பாகச் சுருட்டி, பிரியாமல் மடிப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். நெல்லைப் பக்கம் பனங்குருத்தோலையில் வைத்துக் கட்டி அவிப்பார்கள். அந்த ஓலை வாசத்துக்கு ஈடு ஏது! வீட்டுப் பிள்ளைகளை இந்த வேலையில் உட்கார வையுங்கள்.

கைவேலை என்றால் ஓமப் பொட்டணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓமத்தை வெறும் வாணலியில் சூடாக்கி, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து முகர்ந்தால் மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கும். ஓமத்தில் உள்ள தைமால்தான் அந்த நெடி. கைக்குழந்தைகளின் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். பெரியவர்களும் முதலில் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துக்கொள்ளுங்கள்.

கொங்கு நாட்டில் மார்கழியின் கடைசி நாளில் காப்புக் கட்டுகிறார்கள். வெள்ளைப் பஞ்சு போன்ற பூளைப்பூ, மஞ்சள் நிற ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கொத்தாகக் கட்டி வாசலிலும் கூரை விளிம்பிலும் தொழுவத்திலும் செருகுவார்கள். மூன்றுமே நாட்டு வைத்தியத்தில் இடம்பெற்றவை. முன்பு வேலியோரம் பறித்ததை இப்போது சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம். தரிசுகளையும் வேலிகளையும் அழித்துக்கொண்டே போனால் சந்தைக்கும் வராது. உங்கள் வீட்டருகே பூளைச் செடி முளைத்திருந்தால் களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.

மறுநாள் பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து. பண்டிகை முடிந்ததும் அதைக் குப்பையில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுப்பதில்லை. அதன் இலையில்தான் சில வீடுகளில் கனுப்பிடி, அதாவது பறவைகளுக்கான சோற்று உருண்டைகள், வைக்கிறார்கள். மிச்ச இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம். கிழங்கைத் தோல் சீவி மெல்லியதாக நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் பிழிந்து, அந்தச் சமயத்தில் கிடைக்கும் பச்சை மிளகுச் சரத்தை ஒடித்துப் போட்டுக் குலுக்கிவையுங்கள். இரண்டு நாளில் ஊறிவிடும். குளிர்பெட்டியில் வைத்து, ஈரக்கரண்டி படாமல் எடுத்தால் தயிர்ச்சோற்றுக்குச் சில வாரம் வரும். நறுக்கும்போது கையில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கறை சீக்கிரம் போகும்.