கடவுளின் வழி: கெயலகெகுவா விரிகுடாவில் நடையும் நீச்சலும்



ஹவாயித் தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவுக்கும் ஹவாயி என்றே பெயர். அதன் மேற்குக் கரையில், கைலுவா-கோனா என்னும் ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில், குன்றின் அடியில் பிறைபோல் வளைந்து கிடக்கிறது கெயலகெகுவா விரிகுடா. அப்பெயருக்குக் ‘கடவுளின் வழி’ என்று பொருள் கூறுவர். 1779இல் அங்கு வந்த ஆங்கிலேய மாலுமிகளின் நாட்குறிப்புகளில் இதே பெயர் ‘கரகக்கூவா’ என்று காணப்படுகிறது. காது செய்த பிழை என்று அதனைத் தள்ளிவிட முடியாது. அக்காலத்தே அம்மொழியில் லகரமும் ரகரமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஒலித்தன. ககரமும் தகரமும் அவ்வாறே. அச்சிடுவதற்கு எழுத்து வேண்டியபோது, 1826இல், சமயப் பணியாளர் கூடி வாக்களித்து லகரத்தையும் ககரத்தையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கினர். ஒரு மொழியின் ஒலிகள் வாக்கெடுப்பில் வென்றும் தோற்றும் போனது மொழி வரலாற்றில் அரிய செய்தி.

இவ்விரிகுடாவுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகையினர் வருகின்றனர். வருவோர் பெரும்பாலும் மீன் பார்க்கவே வருகின்றனர். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீரின்மேல் குப்புற மிதக்கும் ஸ்நார்கலிங் என்னும் நீச்சலுக்கு இதனினும் தெளிந்த நீர் அத்தீவுகளில் அரிது. அதற்குக் காரணம் உண்டு. மௌனா லோவா என்னும் பெருமலை கிழக்கிலிருந்து வீசும் வாணிகக் காற்றைத் தடுத்துவிடுகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மழைநீரை உறிஞ்சிக்கொள்வதால் ஆறு எதுவும் இங்கு வந்து கடலைக் கலக்குவதில்லை. ஆகவே அலையும் குறைவு, சேறும் குறைவு. 1969இல் 315 ஏக்கர் பரப்புள்ள இந்நீர் கடல்வாழ் உயிர்ப் பாதுகாப்பு வட்டமாக அறிவிக்கப்பட்டது.

சிறந்த பவளத்திட்டு விரிகுடாவின் வடமுனையில், காஅவலோவா என்னும் தட்டைநிலத்தின் ஓரத்தே உள்ளது. அங்குச் செல்லச் சாலை இல்லை. கடல்வழியாக ஓடத்தில் செல்லலாம்; ஆனால் 2013இல் ஓடங்கள் நிறுத்தப்பட்டு, பின்னர் அனுமதிச் சீட்டு முறை வந்தது. மற்றொரு வழி நடை. மேலே நெடுஞ்சாலையின் அருகில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் தொடங்கும் ஒற்றையடிப் பாதை, மூன்று கிலோமீட்டர் தொலைவுக்குள் அவ்வளவு உயரத்தையும் இறங்கிக் கடலைத் தொடுகிறது. தொடக்கத்தில் ஆள்மறையும் புல். அதன்பின் கரிய எரிமலைக் கல்வெளி. நிழல் என்பதே இல்லை. கீழே நெருங்க நெருங்கக் கியாவே மரங்கள். இம்மரத்தைக் காணும் தமிழர் எவரும் முதற்பார்வையிலேயே அடையாளம் கண்டுவிடுவர். நம் சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பினம் அது. 1828இல் ஹொனலூலுவில் முதல் மரம் நடப்பட்டது என்பர். அதே முள், அதே காய், காய்ந்த நிலத்தை வளைத்துக்கொள்ளும் அதே ஆற்றல். செருப்பைத் துளைக்கும் முள்ளிலும் வேறுபாடில்லை.

இறங்குதல் எளிது, மாலை வெயிலில் மீண்டும் ஏறுதலே கடினம். வழியில் குடிநீர் கிடையாது. நீந்திக் களைத்த கால்களோடு அவ்வேற்றத்தில் தளர்ந்தோர் பலர் உளர் என்பதால், ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் நீரேனும் கொண்டு செல்வதும், ஏறுவதற்கென்று இறங்கிய நேரத்தைப்போல் இருமடங்கை ஒதுக்கி வைப்பதும் அறிவுடைமை. பாதையின் இருபுறமும் புதருக்குள் தாழ்ந்த கற்சுவர்கள் தென்படும். அவற்றை வெறுங்கல் என்று எண்ணிக் கடந்துவிடுதல் எளிது. குறுநில மன்னரும் அவர்தம் குடியினரும் வாழ்ந்த ஊரின் எச்சங்கள் அவை.

நீரின் உள்ளே காண்பது வேறோர் உலகம். கரையோரத்தில் மூரைகள் பாறைப் பிளவுகளில் முள்விரித்துக் கிடப்பதால் கால் ஊன்றலாகாது. சில முழம் தள்ளிச் சென்றதும் பவளம் படிபடியாய் இறங்கி, திடீரெனக் கருநீலத்தில் மறைகிறது. மஞ்சள் நிறத் தட்டை மீன்கள் கூட்டங்கூட்டமாய்த் திரும்பும்போது ஒரே தகடு வளைவதுபோல் தோன்றும். வண்ணாத்தி மீன்கள் இணையிணையாய்ச் செல்லும். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் ஒலி நீருக்குள் தெளிவாய்க் கேட்கும். அது கொறித்துக் கழிப்பதே வெண்மணலாகிறது. அஞ்சாளை பொந்திலிருந்து தலையை மட்டும் நீட்டும். பேராமை எவரையும் பொருட்படுத்தாது கடந்து போகும். ஹவாயி மாநிலத்தின் மீன் என்று அறிவிக்கப்பட்ட சிறுமீன் ஒன்றுண்டு. அதன் பெயர் ஹுமுஹுமுநுகுநுகுஆபுவாஆ. மீனின் நீளத்தைவிடப் பெயரின் நீளம் மிகுதி. ஆனால் அம்மக்களின் சிறுவர் அதனைத் தடுமாறாமல் சொல்லுவர்.

ஓங்கில்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரைதேடிப் பகலில் உறங்குவதற்கு இவ்விரிகுடாவுக்குள் வருகின்றன. அவற்றைத் தொட நீந்திச் செல்வது பலகாலம் சுற்றுலாவின் பெருமையாக விளம்பரப்படுத்தப்பட்டது. உறக்கம் கெட்ட உயிர் எவ்வாறு வேட்டையாடும்? 2021இல் அமெரிக்க அரசு, ஹவாயிச் சுழல் ஓங்கில்களை 50 கஜத்துக்குள் நெருங்குதலைத் தடைசெய்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், பவளத்துக்குத் தீங்கான இருவகை இரசாயனங்கள் கலந்த வெயில்தடுப்புக் களிம்பு விற்பனையையும் அம்மாநிலம் நிறுத்தியது. இவை பயனுள்ள நடவடிக்கைகளே. ஆயினும் 2015இல் கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமடைந்தபோது தீவின் மேற்குக் கரையில் பவளத்தில் ஏறத்தாழப் பாதி அழிந்தது. களிம்பை மாற்றி அவ்வெப்பத்தைத் தணித்தல் இயலாது.

பவளத்தைப் பற்றிப் பேசும்போது கவிஞர் அவையில் குமுலிபோவைப் பற்றிப் பேசாதிருத்தல் தகாது. ஈராயிரத்துக்கு மேற்பட்ட அடிகளையுடைய அப்பெரும்பாடல் ஹவாயியரின் படைப்புக் காதை. ஓர் அரச குலத்தின் வழிமுறைப் பட்டியலும் அதுவே. இருளில் தொடங்கும் அப்பாடலில் முதன்முதலாகப் பிறக்கும் உயிர் எது தெரியுமா? கடவுளும் அன்று, மனிதனும் அன்று. பவளத்தைக் கட்டும் நுண்ணுயிர். அதன்பின்னரே மூரையும் சிப்பியும் மீனும் பறவையும் வரிசையாய்ப் பிறக்கின்றன. மனிதர் வருவதற்கு நெடுநேரம் ஆகிறது. கடலில் பிறக்கும் ஒவ்வொன்றுக்கும் நிலத்தில் ஒரு செடியைத் துணையாக வைத்துப் பாடுவது அப்பாடலின் மற்றொரு சிறப்பு. மேலே புல்லையும் மரத்தையும் கடந்து நடந்து வந்து கீழே பவளத்தின்மேல் மிதப்பவர், அறியாமலே அப்பாடலின் இரு கரைகளையும் தொட்டுவிடுகிறார்.

இப்பாடல் 1700ஆம் ஆண்டையொட்டி, கயீயிமமாவோ என்னும் அரச குழந்தையின் பிறப்பை முன்னிட்டு இயற்றப்பட்டது என்பது மரபு. எழுத்தின்றி நினைவிலே வாழ்ந்த அதனை 1889இல் கலாகாவுவா மன்னர் அச்சிடுவித்தார். அவர் தங்கையும் இறுதி அரசியுமான லிலியுஒகலானி 1893இல் ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டு, 1895இல் தம் சொந்த அரண்மனையிலேயே சிறைவைக்கப்பட்டார். சிறையிருந்த காலத்தில் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்ததும் இப்பாடலையே. அம்மொழிபெயர்ப்பு 1897இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்கா அத்தீவுகளை இணைத்துக்கொண்டது. நாட்டை இழந்துகொண்டிருந்த ஓர் அரசி தன் குலப்பாடலைப் பிறமொழியில் வைத்ததன் பொருளை இவ்வவைக்கு விளக்க வேண்டுவதில்லை. அந்நூலின் முன்னுரையில் அவர் ஒரு செய்தி தருகிறார்: லோனோ என்று அழைக்கப்பட்ட கேப்டன் குக்கின் முன் பூசகர் ஓதியது இப்பாடலே என்பது அது.

இதனால் விரிகுடாவின் வரலாற்றுக்கு வரவேண்டியிருக்கிறது. 1779 ஜனவரி 17ஆம் நாள் ஜேம்ஸ் குக்கின் ரெசல்யூஷன், டிஸ்கவரி என்னும் இரு கப்பல்கள் இங்கு நங்கூரமிட்டன. ஆயிரம் ஓடங்களுக்குக் குறையாத கூட்டம் எதிர்கொண்டது என்று கப்பலோர் எழுதினர். அது வளத்தின் தெய்வமாகிய லோனோவுக்குரிய மகாஹிகித் திருநாட்காலம். விரிகுடாவின் தென்கரையில் உள்ள ஹிகியாவ் என்னும் கற்றளத்துக் கோயிலில் குக்குக்குச் சடங்கு நடந்தது. நீண்ட பாடல் ஓதப்பட்டது; அது இன்ன பாடல் என்று அறியும் மொழியறிவு அதனைப் பார்த்து எழுதியோருக்கு இல்லை. பிப்ரவரி 4ஆம் நாள் கப்பல்கள் புறப்பட்டன. பாய்மரம் முறிவுற்றதால் 11ஆம் நாள் திரும்பின. இம்முறை வரவேற்பில்லை. 13ஆம் நாள் இரவில் கப்பலின் படகொன்று களவு போயிற்று. மறுநாட் காலையில் குக் ஆயுதம் தாங்கியோருடன் காஅவலோவாவில் இறங்கி, முதியவரான கலானிஓபூ அரசரைப் பிணையாகக் கப்பலுக்கு அழைத்துச் செல்ல முயன்றார். கூட்டம் திரண்டது. குக்கும் நான்கு படைவீரரும் கரையிலேயே மாண்டனர். அம்மக்களிலும் பலர் மாண்டனர். சில நாட்களில் ஆங்கிலேயர் கோயிலையடுத்த ஊரைக் கொளுத்தினர். தங்களுக்கு நண்பராயிருந்த பூசகரின் வீடுகளும் அத்தீயில் எரிந்தன. நினைவுச்சின்னத்தைப் படம் பிடிப்போர் பெரும்பாலும் அறியாத செய்தி இது.

குக்கை அம்மக்கள் உண்மையிலேயே கடவுளாகக் கருதினரா? இக்கேள்வி அறிஞர் உலகில் ஒரு பெரும்போரை மூட்டியது. மார்ஷல் சாலின்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர், மகாஹிகிச் சடங்கின் ஒழுங்கோடு குக்கின் வருகை பொருந்தியதால் அவர் லோனோவாகவே கொள்ளப்பட்டார் என்றார். இலங்கையரான கணநாத் ஒபயசேகர 1992இல் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். வெள்ளையரைக் கண்ட ‘பூர்விகர்’ அவரைத் தெய்வமாக்கினர் என்பது ஐரோப்பியர் தம்மைப் பற்றித் தாமே புனைந்த தொன்மம். ஹவாயியர் குக்கை லோனோ என்னும் பெயருள்ள தலைவராக ஏற்றனர். இறந்தபின் தம் தலைவருக்குரிய சிறப்பை அளித்தனர் என்பது அவர் வாதம். குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட நாட்டில் பிறந்த ஒருவரின் ஐயம் அதில் ஒலிக்கிறது. 1995இல் சாலின்ஸ் தனி நூலொன்றால் விடையிறுத்தார்: எல்லா மக்களும் ஒரே வகையான நடைமுறை அறிவால் எண்ணுவர் என்பதும் ஐரோப்பியச் சிந்தனையை அவர்கள்மேல் ஏற்றுவதே என்றார்.

இருவர் பக்கமும் வலிமை உண்டு. ஆயினும் குமுலிபோவை அருகில் வைத்து நோக்கும்போது ஒன்று புலப்படுகிறது. அப்பாடல் எந்தக் குழந்தைக்காகப் பாடப்பட்டதோ அக்குழந்தைக்கும் லோனோ என்னும் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அக்குழந்தையின் மகனே குக் பிடிக்க முயன்ற கலானிஓபூ. ஆக, லோனோ என்னும் சொல் தெய்வத்தையும் குறித்தது, மனிதத் தலைவனையும் குறித்தது. ‘கடவுளா, மனிதனா’ என்ற கேள்வியில் உள்ள ‘அல்லது’ அம்மொழியில் இருந்ததா என்பதே ஆராயத்தக்கது. நாட்குறிப்பு எழுதியோருக்கு ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே தேவைப்பட்டது. கவிதையறிந்தோர் அவ்வளவு எளிதில் நிறைவு கொள்ளலாகாது.

இறந்தோரின் எலும்புக்கு ஹவாயியர் தரும் மதிப்பு பெரிது. விரிகுடாவுக்கு மேலே செங்குத்தாய் நிற்கும் பாறைச்சுவரின் குகைகளில் தலைவர்களின் எலும்புகள் மறைத்து வைக்கப்பட்டன. குக்கின் உடலிலிருந்து தசை நீக்கி எலும்பைப் பிரித்தெடுத்ததும் அம்மதிப்பின்பாற்பட்டதே. கப்பலோரோ அதனைக் கண்டு நடுங்கினர், உண்டுவிட்டனரோ என்றும் கேட்டனர். திருப்பித் தரப்பட்ட எலும்புகள் பிப்ரவரி 21ஆம் நாள் இக்கடலிலேயே இடப்பட்டன. நீந்துவோர் எவரும் அதனை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. கரையில் 1874இல் எழுப்பிய 27 அடி வெண்தூண் மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

எதிர்க்கரையில் மற்றொருவரின் எலும்புகள் உள்ளன. ஓபூகஹாயா என்னும் சிறுவனின் பெற்றோரைப் போர் கொன்றது. முதுகில் சுமந்தோடிய தம்பியும் ஈட்டிக்கு இரையானான். ஹிகியாவ் கோயிலில் பூசகராயிருந்த உறவினரிடம் வளர்ந்து, மந்திரங்களைப் பயின்றான். 1808இல் விரிகுடாவில் நின்ற அமெரிக்க வாணிகக் கப்பலுக்கு நீந்திச் சென்று ஏறிக்கொண்டான். நியூ இங்கிலாந்தில் கிறித்தவனாகி, கல்வி கற்று, தன் தாய்மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதத் தொடங்கினான், ஆதியாகமத்தைப் பெயர்த்தான். 1818இல் கனெக்டிகட் மாநிலத்தில் காய்ச்சலால் இறந்தபோது அவனுக்கு வயது ஏறத்தாழ 26. அவன் வரலாற்றைப் படித்துக் கிளர்ச்சியுற்ற சமயப் பணியாளரே 1819இல் ஹவாயிக்குக் கப்பலேறினர். மொழிக்கு எழுத்தையும் கொண்டுவந்தனர், பழைய பாடல்களும் ஆடல்களும் ஒடுங்கவும் காரணமாயினர். அவனுடைய எலும்புகள் 175 ஆண்டுகள் அயல்மண்ணில் கிடந்து 1993இல் நாபோபோவில், விரிகுடாவின் மேட்டிலுள்ள கஹிகோலு தேவாலயத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. மீன் பார்க்க வருவோரின் பாதை அப்பக்கம் செல்வதில்லை. சாலை வழியாக வண்டியிலேயே போய்விடலாம்; ஏறி இறங்க வேண்டியதும் இல்லை.