கூட்டிப் பெருக்கிய வெறும் வீடு

(தவக்காலத்தில் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



தவக்காலம் பிறந்தாலே நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த வருஷம் எதை விடப்போறீங்க?" முன்பெல்லாம் இறைச்சி, வெற்றிலை, பீடி, சினிமா என்று பதில் வரும். இப்போது இளையோர் மட்டுமல்ல, பாட்டிமாரும்கூட, "போன்ல அதைப் பார்க்கிறதை நிறுத்திட்டேன் சாமி" என்கிறார்கள். நல்ல முயற்சிதான். நாங்களும் அதைச் செய்து பார்த்தவர்கள். அதில் தோற்ற கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருநீற்றுப் புதனன்று, எங்கள் குருமனையில் இருந்த மூன்று குருக்களும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தோம். எந்தச் செயலியில் அதிக நேரம் வீணாகிறதோ அதை அவரவர் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டோம். முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. கட்டைவிரல் தானாகவே பழைய இடத்துக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. வெட்கத்தோடு திரும்பி வரும். ஒரு நாளில் எத்தனை முறை அப்படிப் போகிறது என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் அந்த வெற்று இடத்துக்கு வேறொரு செயலி வந்திருந்தது. "இது செய்தி பார்க்க", "இது பாட்டுக் கேட்க" என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டோம். இரவு உணவு மேசையில் மூவரும் பழையபடி தலைகுனிந்து அமர்ந்திருந்தோம்.

எங்கள் கோவில்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சாமி, கறிய விட்டுட்டுச் சீலா மீன் கொழம்பு வச்சுச் சாப்பிடுத மாதிரில்லா இருக்கு!" சிரித்துவிட்டோம். சிரித்ததோடு அதை மறந்தும்விட்டோம்.

அடுத்த சில நாள்களில் ஒரு மாலை, நாங்கள் மூவரும் குருமனைத் திண்ணையில் இருந்தோம். பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்து படியருகே நின்றார். "கொஞ்சம் இரு தம்பி" என்றோம். கையில் ஓடிக்கொண்டிருந்தது முடியட்டும் என்று நினைத்தோம். அது முடியவில்லை; அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது படியில் யாரும் இல்லை. யாராவது ஒருவர் பேசி அனுப்பியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் கோவில்பிள்ளை வந்து சொன்னார்: அந்தத் தம்பியின் தந்தைக்குக் கடுமையான நோய், பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு மகனை அனுப்பியிருக்கிறார். ஓடினோம். நோயில்பூசுதல் கொடுத்தோம். ஆனால் அதற்குள் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. இறைவனின் இரக்கம் நம் தாமதத்தைவிடப் பெரியது என்று நம்புகிறோம். ஆனாலும் அந்த மனிதர் நெஞ்சில் வைத்திருந்த சொற்களைக் கேட்க ஒரு காது இல்லாமல் போனது. அந்தக் காது எங்களுடையது.

அன்புக்குரியவர்களே, செயலியை மாற்றினோம், பழக்கம் மாறவில்லை. ஏன்? இந்தக் கேள்வியை நம் நாடே ஒருமுறை சந்தித்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் அவற்றுள் ஒன்று. கோடிக்கணக்கான மக்கள் அன்றாடம் பார்த்துவந்த குறும்படக் காட்சிகள் ஒரே நாளில் நின்றுபோயின. ஆனால் அந்த ஓய்வு எத்தனை நாள் நீடித்தது? ஜூலை மாதமே இன்ஸ்டாகிராம் நம் நாட்டில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. விரல் அதே விரல். மேல்நோக்கித் தள்ளும் அசைவும் அதே அசைவு. குடியிருந்த வீடுதான் மாறியது.

இதற்கு ஒரு காரணம் நம் கையில் இருக்கும் கருவியிலேயே உண்டு. ஒரு காலத்தில் இணையப் பக்கத்துக்கும் ஒரு முடிவு இருந்தது. அடிக்கு வந்ததும், அடுத்த பக்கம் வேண்டுமானால் அதற்கான எண்ணைத் தொட வேண்டும். அந்த ஒரு நொடியில், "போதுமா, இன்னும் வேண்டுமா?" என்று மனம் கேட்டுக்கொள்ளும். 2006ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், கீழே போகப் போகப் பக்கம் தானாக நீண்டுகொண்டே வரும் முறையை உருவாக்கினார். மக்களுக்கு வசதியாக இருக்கும் என்றே அவர் எண்ணினார். பின்னாளில் அதன் விளைவைக் கண்டு வெளிப்படையாக வருந்தினார். இன்று பல செயலிகள் அந்த முறையைப் பின்பற்றுகின்றன. ஒன்றைவிட்டு இன்னொன்றுக்குப் போனாலும் "போதுமா?" என்று கேட்கும் அந்த ஒரு நொடி நமக்குத் திரும்பக் கிடைப்பதில்லை.

ஆனால் கருவியின் மேலேயே பழியைப் போட்டுவிட்டுப் போக நற்செய்தி நம்மை விடுவதில்லை. மத்தேயு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறார். ஒரு மனிதரை விட்டு வெளியேறிய தீய ஆவி எங்கெங்கோ அலைந்து, இளைப்பாற இடம் கிடைக்காமல், பழைய வீட்டுக்கே திரும்பி வருகிறது. அந்த வீடு எப்படி இருக்கிறது? கூட்டிப் பெருக்கி, அழகுபடுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வெறுமையாக இருக்கிறது. உடனே அந்த ஆவி தன்னைவிடப் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. அந்த வீட்டில் குறை என்ன? அழுக்கு அல்ல, யாரும் குடியில்லை என்பதுதான். நாங்கள் தவக்காலத்தில் செய்ததும் அதுவே. பெருக்கினோம், யாரையும் உள்ளே அழைக்கவில்லை.

கைப்பேசி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த வெறுமையை அறிந்தவர் ஒருவர் இருந்தார். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் தவம் செய்த எவாக்ரியுஸ். துறவியரைச் சோதிக்கும் "நண்பகல் அலகை" பற்றி அவர் எழுதியிருக்கிறார். அது வரும்போது பொழுது நகராததுபோல் தோன்றுமாம். துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்ப்பாராம். யாராவது வருகிறார்களா என்று தேடுவாராம். கடைசியில், "இந்த இடம் சரியில்லை, வேறிடம் போனால் நன்றாக இருக்கும்" என்ற எண்ணம் எழுமாம். இதற்கு ஆன்மச் சலிப்பு என்று பெயர். இடத்தை மாற்றச் சொல்வதே அதன் தந்திரம். எவாக்ரியுஸின் அறிவுரையோ, அந்த நேரத்தில் அறையை விட்டு ஓடாதே, பொறுமையோடு உள்ளேயே இரு என்பது. நாமும் நண்பகலில் கோவில் மணி ஒலிக்கும்போது மூவேளை செபம் சொல்கிறோம். சலிப்பு எட்டிப் பார்க்கும் அதே வேளையில் ஆண்டவரின் பெயர் வீட்டுக்குள் நுழைகிறது.

அப்படியானால் செயலியை விடுவதில் பயனே இல்லையா? உண்டு. விரல் பழைய இடத்துக்குப் போய் ஒன்றும் கிடைக்காமல் திகைத்து நிற்கிறதே, அந்தத் திகைப்புதான் பயன். அதுதான் நாம் தொலைத்த அந்த ஒரு நொடி. அதை இன்னொரு செயலியால் உடனே மூடிவிட வேண்டாம். யோவான் நற்செய்தியில் ஆண்டவர் தம் பின்னே வந்த இருவரைத் திரும்பிப் பார்த்து, அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்றுதான் முதலில் கேட்டார். அந்த நொடியில் நம்மிடமும் அதையே கேட்கிறார். எதைத் தேடி விரலை நீட்டினோம்? தனிமையா? பிள்ளையின் படிப்பைப் பற்றிய கவலையா? கணவனோடு, மனைவியோடு பேச முடியாத ஒரு கசப்பா? பதில் வலிக்கலாம். ஆனால் அந்த வலியோடுதான் ஆண்டவர் பேச விரும்புகிறார்.

பிறகு, அந்த இடத்தில் ஒருவரைக் குடியேற்றுவோம். அதே கட்டைவிரல் செபமாலையின் மணிகளையும் தள்ளப் பழகியதுதானே! அங்கே பத்து மணிக்கு ஒரு நிறுத்தம் உண்டு. ஐந்து மறைபொருளுக்குப் பின் ஒரு முடிவு உண்டு. ஒரு பத்து மணி செபம் போதும். அல்லது, நெடுநாளாகப் பேசாத ஓர் உறவினரை அதே கைப்பேசியில் அழைத்துப் பேசலாம். அன்பியத்தில் நோயுற்றிருப்பவர் ஒருவரைப் போய்ப் பார்த்து வரலாம். சமூக ஊடகங்களில் கிறிஸ்தவர்களின் உடனிருப்பைப் பற்றி 2023ஆம் ஆண்டு மே மாதம் திருப்பீடத்தின் தகவல்தொடர்புத் துறை வெளியிட்ட ஏடு, நல்ல சமாரியர் உவமையைத்தான் நம் முன் வைக்கிறது. அந்த உவமையில் அடிபட்டவரைக் கண்டும் விலகிப் போனவர்களில் முதல் ஆள் ஒரு குரு. அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்தத் திண்ணைப் படி நினைவுக்கு வருகிறது.

இப்போது எங்கள் குருமனையில் மாலைத் திருப்பலி முடிந்ததும் மூன்று கைப்பேசிகளும் உள்ளே அலமாரியில் இருக்கும். அழைப்பு வந்தால் மணி கேட்கும், எழுந்துபோய் எடுப்போம். திண்ணையில் நாற்காலி ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறோம். சில நாள் யாரும் வருவதில்லை. அந்தச் சும்மா இருக்கும் நேரம் இன்னும் பாரமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுந்து உள்ளே போகாமல் இருக்கப் பழகிவருகிறோம். அந்தத் தம்பியும் ஒரு நாள் வந்தார். அந்த நாற்காலியில் அமர்ந்து தம் தந்தையைப் பற்றி நெடுநேரம் பேசினார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

செபிப்போம். எங்கள் வாசலில் நின்று தட்டுகிற ஆண்டவரே, வெறுமைக்கு அஞ்சி நாங்கள் எதையெதையோ உள்ளே அழைத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் நீரே குடியிரும். உம்மைத் தேடும் கண்களையும், எங்களைத் தேடி வருகிறவர்களை நிமிர்ந்து பார்க்கும் முகத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.